உட்கார்ந்தபடி இருபத்தாறாயிரம் அடி

கதிரையை விட்டு எழும்பாமலே நாளொன்றுக்கு இருபத்தாறாயிரம் காலடி நடந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் கஹவத்தைக்கு மேலே ஊத்துமலைத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகளான ஏழாம் நம்பர் லயத்தின் மூன்றாவது காம்பராவில் வசிக்கிறார். பெயர் ஸ்ரீதரன். வயது நாற்பத்தொன்று. அங்குலத்தில் அளந்தால் இடுப்பும் ஏறத்தாழ அதே எண்தான். இப்படி ஒருவர் நம் சப்ரகமுவ மண்ணில் தோன்றியும் அவருக்கு ஒரு வரவேற்பு வளைவுகூடக் கட்டாமல் இருக்கிறோமே என்று நினைக்கும்போது, இதை எழுதுகிறவருக்கு வெட்கமாக இருக்கிறது.

ஸ்ரீதரன் கொழும்பிலுள்ள ஒரு கம்பனியின் 'வாடிக்கையாளர் திருப்தி அதிகாரி'. அதாவது, இணையத்தில் சட்டை வாங்கி அது பற்றாமல் போனவர்கள் எழுதும் ஏச்சுகளை வாசித்து, 'உங்கள் மனநிலையை நாங்கள் முழுமையாக உணர்கிறோம்' என்று பதில் எழுதுகிறவர். கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள், வந்தார். கொரோனா போய்விட்டது; அவர் போகவில்லை. இஸ்தோப்பின், அதாவது முன்திண்ணையின், ஒரு மூலையைப் பலகையால் மறைத்து, ஒரு மேசையும் ஒரு சுழல் கதிரையும் போட்டு, அதற்கு 'ஒபிஸ்' என்று பெயர் வைத்தார். யாராவது தேடி வந்தால், "அவரு ஒபிஸ்ல இருக்காருங்க" என்பாள் மனைவி கோகிலா. வந்தவர் கழுத்தைத் திருப்பினால் ஒபிஸ் தெரியும்.

கோகிலா அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். விடியுமுன் எழும்பி, மலைநீர் கொட்டும் பீலியில் தண்ணீர் பிடித்து, சமைத்து, அவருடைய பிளாஸ்க்கில் தேநீர் ஊற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஏழு மணிக்குள் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போய் நிற்பாள். அதனால் அதிகாரி அவர்கள் காலையிலிருந்து மாலைவரை ஒரு வாடிக்கையாளரையும் காக்கவைத்ததில்லை.

இந்த நிலையில்தான் கம்பனி 'நடப்போம், நலம் பெறுவோம்' என்ற மாபெரும் திட்டத்தை அறிவித்தது. கூரியரில் ஒரு கறுப்பு வாச் வந்தது. நேரமும் காட்டும், ஆனால் அது அதற்கு உபதொழில். எத்தனை அடி நடந்தீர்கள், எத்தனை மணித்தியாலம் தூங்கினீர்கள், நெஞ்சு எத்தனை தரம் துடித்தது என்பதையெல்லாம் போன் வழியாகக் கொழும்புக்கு ஒப்பிப்பதுதான் அதன் உண்மையான உத்தியோகம். கூடவே ஒரு சுற்றறிக்கை. வீட்டிலிருந்து வேலை செய்வோர் நாளொன்றுக்கு எண்ணாயிரம் அடி நடக்க வேண்டும். மூன்று மாதச் சராசரி அதற்குக் குறைந்தால், 'குறித்த ஊழியரின் வீடு அவரது உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கிறது' எனக் கருதப்பட்டு, அவருடைய நன்மைக்காகவே அவர் கொழும்பு அலுவலகத்துக்கு மீள அழைக்கப்படுவார்.

ஸ்ரீதரன் அதை இரண்டு தரம் வாசித்தார். கொழும்பு என்றால் நான்கு பேருக்கு ஒரு மின்விசிறி உள்ள போர்டிங் அறை, மாதத்துக்கு ஒரு தரம் வீடு, பார்சல் சோறு. எட்டு வருஷம் அப்படி இருந்தவர். திரும்பப் போக அவருக்கு விருப்பமில்லை. இதில் பகிடி ஒன்றும் இல்லை, உண்மையாகவே விருப்பமில்லை.

முதல் நாள் மாலை வாச் காட்டிய எண் 412. கக்கூசுக்குப் போய்வர நூற்றுப்பத்து வீதம் மூன்று தரம்; மிச்சம், சிக்னல் போன நேரம் போனைத் தூக்கிக்கொண்டு வாசலில் அலைந்தது. இதைக் கேலி செய்ய இதை எழுதுகிறவருக்கு அருகதை இல்லை. அவருடைய நேற்றைய எண் 371.

மறுநாள் ஐந்து மணிக்கு, ஸ்ரீதரன் கன்வஸ் சப்பாத்துப் போட்டுக்கொண்டு லயத்தைச் சுற்றி நடக்கப் புறப்பட்டார். தோட்டத்தில் காரணமில்லாமல் நடக்கும் வழக்கம் கிடையாது. மலைக்கு நடப்பார்கள், கடைக்கு நடப்பார்கள், கோயிலுக்கு நடப்பார்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதற்காக ஒரு மனிதன் நடப்பதை அங்கே யாரும் கண்டதில்லை. இரண்டாவது சுற்றில் அடுத்த காம்பரா ஐயாவு வழிமறித்தார்.

"என்னா தம்பி, என்னத்த தொலச்சீங்க?"

"ஒன்னும் இல்லைங்கண்ணே. சும்மா நடக்குறேன்."

"சும்மாவா?" ஐயாவு குரலைத் தாழ்த்தினார். "மோதிரமா?"

"இல்லைங்க. ஒடம்புக்கு."

"ஒடம்புக்கு என்னா?"

"ஒடம்புக்கு ஒன்னும் இல்லைங்க. ஒன்னும் வந்துறக் கூடாதேன்னுதான்."

"ஒன்னும் இல்லாததுக்கா இந்தச் சுத்து சுத்துறீங்க?" என்ற ஐயாவு, இவர் சொல்ல வெட்கப்படுகிறார் என்று முடிவு செய்து, குனிந்து தானே தேடத் தொடங்கினார்.

நாலாவது சுற்றில் ஆறு பேர் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். கடைசியில் கழிவுநீர்க் கானுக்குள் ஒரு பழைய சாவி அகப்பட்டது. அது தன்னுடையது இல்லை என்று ஸ்ரீதரன் சொன்னபோது எல்லோருக்கும் கோபம் வந்துவிட்டது. இரண்டாம் நாளும் அவர் சுற்றுவதைக் கண்ட பெண்கள் இரண்டு பேர் கோகிலாவைத் தனியே கூப்பிட்டு, "என்னா சண்டையா இருந்தாலும் அந்த மனுசன உள்ள எடுத்துக்க, பாவம்" என்று சமாதானம் பேசினார்கள். மூன்றாம் நாள் மழை. மழையோடு அட்டை. நடப்போம் என்ற திட்டம் அந்தளவில் நின்றது. நலம் பெறுவோம் என்பது மட்டும் பாக்கியிருந்தது.

பிறகு வாச் வீட்டு நாயின் கழுத்துக்கு மாறியது. நாய் எசமானைப் பார்த்து வளர்ந்தது. நாள் முழுக்க மேசைக்கடியில் படுத்திருந்து 290 எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் கவரும் சார்ஜரும் விற்க லயத்துக்கு வருவார் கஹவத்தை புவாட் நானா. மழைக்குப் பாதை பிளந்ததிலிருந்து த்ரீவீலர் மேலே வருவதில்லை என்பதால், அந்த மனிதர் பஸ் ரோட்டிலிருந்து பை சுமந்து நடந்தே வருவார். அவரிடம் ஸ்ரீதரன் வாச்சை நீட்டினார்.

"நானா, இது சரியா எண்ணுதான்னு பாருங்க."

புவாட் நானா கையில் வாங்கி இரண்டு ஆட்டு ஆட்டினார். "இதுக்குக் காலெல்லாம் வெளங்காது மகன். கை ஆடினா நடக்கிறீங்க எண்டு நெனக்கும். அது யார்ட கை எண்டும் இதுக்குத் தெரியா."

விஞ்ஞான வரலாற்றில் இப்படிப்பட்ட கணங்கள் அபூர்வம். ஸ்ரீதரனின் கண்கள் மெல்லத் திரும்பின. பீலியடியில் கோகிலா துணி அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் ஆடிக்கொண்டிருந்தன.

"கோகிலா, இந்த வாச்ச கொஞ்சம் கட்டிக்கிறியா?"

"எனக்கா?" ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். கலியாணம் கட்டிப் பதினாலு வருஷத்தில் அவள் கைக்கு வந்த முதல் வாச் அது. "இன்னைக்கு என்னா விசேஷம்?"

"விசேஷம்லாம் இல்ல. நான் நடக்க வேண்டியத நீ நடக்கணும், அவ்வளவுதான்."

"நான் இப்பவும் நடந்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"அதேதான் சொல்றேன். அது வீணா போவுது."

கோகிலா வாச்சையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் கொழும்புக்குப் போயிட்டா நீதான் கஷ்டப்படுவ" என்றார் ஸ்ரீதரன். "தண்ணி புடிக்கக்கூட வீட்டுல ஆள் இருக்காது."

"இப்ப யாரு புடிக்கிறா?"

அது கூட்ட நிகழ்ச்சிநிரலில் இல்லாத கேள்வி என்பதால் ஸ்ரீதரன் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கோகிலா கையை நீட்டினாள், அவரே கட்டிவிட்டார். தூங்கும்போதும் கழற்ற வேண்டாம், தூக்கத்துக்கும் புள்ளி உண்டு என்று அறிவுறுத்தினார்.

முதல் நாள்: 26,340. போன் திரையில் வாணவேடிக்கை வெடித்தது. 'மலைச் சிங்கம்' என்ற பட்டம் வந்தது. அடுத்த வாரம் ஒருநாள் 27,902, கம்பனியின் சாதனை. அன்று கொழுந்து இரண்டு கிலோ குறைந்துவிட்டதென்று கோகிலாவுக்கு 'அரைப்பேர்' போட்டார்கள். அதாவது, முழுநாள் மலையில் நின்றிருந்தாலும் அரைநாள் வேலைதான் செய்திருக்கிறாள் என்று தோட்டம் தீர்மானித்தது. அதே மாலை ஸ்ரீதரனுக்குத் தங்கப் பதக்கம் அறிவிக்கப்பட்டது.

"பாத்தியா, நமக்குத்தான் முதலிடம்" என்று போனைக் காட்டினார்.

"யாருக்கு?"

"நமக்கு."

கோகிலா, "அப்ப அந்த அரைப்பேரும் நமக்கா, எனக்கு மட்டுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இரண்டாம் மாதம் மனிதவளப் பிரிவிலிருந்து ஷஸ்னா அழைத்தாள். உற்சாகத்தையே மாதச் சம்பளத்துக்குச் செய்யும் பெண். "ஸ்ரீதரன், நீங்க எங்க எல்லாருக்கும் ஒரு முன்மாதிரி! வெள்ளிக்கிழமை ஸூம்ல இருநூறு பேருக்கு உங்க ரகசியத்தச் சொல்லணும்."

ரகசியம் அவருக்கே தெரியாது. ஆகவே வியாழன் மாலை ஒரு கொப்பியும் பேனையுமாகக் கோகிலாவின் முன்னால் உட்கார்ந்து, "காலையில இருந்து நீ என்னென்னா செய்யிற, வரிசையா சொல்லு" என்று கேட்டார். பதினாலு வருஷத்தில் அதை அவர் கேட்டது அன்றுதான். அவள் சொல்லச் சொல்ல இரண்டரைப் பக்கம் வந்தது. எழுதி முடிக்கையில் ஸ்ரீதரனுக்குக் கை வலித்தது.

வெள்ளிக்கிழமை அவர் உரையாற்றினார். "நான் காலை நாலரைக்கு எழும்புவேன். வெறும் வயிற்றில், இரண்டு கையிலும் தண்ணீர் வாளி. அது தோளுக்கு. ஏழு மணிக்கு மலையேற்றம், முதுகில் பாரத்தோடு. பாரத்தின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். அது கழுத்துக்கு. பத்து மணிக்கு ஒரு ரொட்டி, நின்றபடி. உட்கார்ந்தால் உடம்பு சோம்பிவிடும்."

இருநூறு பேர் குறித்துக்கொண்டார்கள். கணக்குப் பிரிவுப் பவாஸ் கை உயர்த்தினார். "பாரத்த எவ்வளவு நேரம் தாங்கணும், ஸ்ரீதரன்?"

"நிறுவைக்குக் கூப்பிடும்வரை."

"யார் கூப்பிடுறது?"

ஸ்ரீதரன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, "உள்மனது" என்றார்.

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. அதற்குப் பெயரும் வைத்தார்கள்: 'ஸ்ரீதரன் முறை'. அடுத்த வாரம் பவாஸ், லெப்டொப் பையில் எட்டுக் கிலோ அரிசி போட்டு, வாரை நெற்றியில் மாட்டி, தன் தொடர்மாடியில் ஒன்பது மாடி ஏறியிறங்கும் வீடியோவை அனுப்பினார். கீழே ஆயிரம் பேர் பாராட்டியிருந்தார்கள். அதைக் காட்டியபோது கோகிலா நெடுநேரம் பார்த்தாள். "பாவம், யாரு இந்த மனுசனுக்கு அரைப்பேர் போட்டா?" என்று கேட்டாள்.

மூன்றாம் மாதக் கடைசியில், ஒரு பகல், கம்பனியின் 'நல்வாழ்வு ஆலோசகர்' டொக்டர் அழைத்தார். சிங்களத்தில் பேசினார், ஸ்ரீதரனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இணைப்பில் ஷஸ்னாவும் இருந்தாள்.

"மிஸ்டர் ஸ்ரீதரன், நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களா?"

"உட்கார்ந்துதான் இருக்கிறேன், டொக்டர்."

மூன்று மாதத்தில் அவர் கம்பனிக்குச் சொன்ன முதல் உண்மை அது.

"நல்லது. எழும்ப வேண்டாம். உங்கள் வாச் அறிக்கையைப் பார்த்தேன். ஒருநாள்கூட ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் தூங்கவில்லை. மத்தியானம் மேடு ஏறும்போது துடிப்பு நூற்று அறுபத்தெட்டு. சும்மா இருக்கும்போதும் நூறு. கடந்த இரண்டு வாரமாகத் துடிப்பு தாளம் தப்புகிறது. இரத்தக் குறைவாக இருக்கலாம், இதயக் கோளாறாக இருக்கலாம், சோதித்தால்தான் தெரியும். இப்படியே போனால் இந்த உடம்பு ஒருநாள் வழியில் விழும். நெஞ்சு படபடக்கிறதா?"

ஸ்ரீதரனின் நெஞ்சு அந்த நிமிஷம் படபடத்தது. "படபடக்கிறது டொக்டர்."

"தலை சுற்றுகிறதா?"

போன புதன்கிழமை கோகிலா கூடையை இறக்காமலே நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது. அப்போது அவர் கேட்டது, "தேத்தண்ணி இன்னும் போடலயா?" என்று. அவருக்குப் பயம் வந்தது. பகிடிக்கு வரும் பயமில்லை. உண்மையைச் சொல்லிவிடுவதென்று வாயைத் திறந்தார்.

அதற்குள் ஷஸ்னா குறுக்கிட்டாள். "ஒண்டுக்கும் பயப்பட வாணாம், ஸ்ரீதரன். முழுச் சம்பளத்தோட ரெண்டு கிழமை பூரண ஓய்வு. அதுக்குப் பொறகு நீங்க நிரந்தரமா வீட்டிலிருந்தே வேல செய்யலாம், மெனேஜ்மென்ட் முடிவெடுத்திட்டாங்க. ஒரே ஒரு நிபந்தனை. இந்த ரெண்டு கிழமையும் வாச் கையில இரிக்கணும், நாளைக்கு ஆயிரம் அடி தாண்டக் கூடாது. தாண்டினா, வீட்டுல ஓய்வெடுக்க விடுறாங்க இல்லண்டு நெனச்சு உங்கள கொழும்புக்கே எடுத்திருவோம்."

திறந்த வாய்க்கு வேறு வேலை கிடைக்காததால் அது "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

மாலை கோகிலா வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, கணுக்காலில் தொங்கிய அட்டையைச் சுண்ணாம்பு வைத்து விழுத்திக்கொண்டிருந்தாள்.

"டொக்டர் பேசினாரு" என்றார் ஸ்ரீதரன். "ஒடம்பு ரொம்ப மோசமா இருக்காம். ரெண்டு வாரம் எங்கயும் போகாம ரெஸ்ட் எடுக்கணுமாம்."

"யாரு ஒடம்பு?"

"வாச்சுல இருக்கிற ஒடம்பு."

கோகிலா நிமிர்ந்தாள். அவள் முகம் தெளிந்தது. "அப்ப எனக்கு லீவா?"

"லீவு என் பேருல வந்திருக்கு."

அவள் மற்றக் காலில் ஒட்டியிருந்த அட்டைக்கும் சுண்ணாம்பு வைத்தாள். பிறகு, "சரி, ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போங்க. ரெண்டு வாரமா மேடு ஏறினா மூச்சு வாங்குது, கண்ணு இருட்டுது. ஒங்ககிட்ட சொல்லலாம்னு வந்தேன், நீங்க மீட்டிங்ல இருந்தீங்க" என்றாள்.

"பஸ் ரோட்டுக்கு எறங்கவே ரெண்டாயிரத்து நூறு அடி. எனக்கு ஆயிரந்தான்."

"வாச்ச கழட்டி வச்சிட்டு வாங்களேன்."

"கழட்டினா கொழும்புல தெரிஞ்சிரும்."

"நாயி கழுத்துல கட்டிட்டு வாங்க."

"நாயோட நெஞ்சு வேற மாதிரி அடிக்கும் கோகிலா, டொக்டர் கண்டுபிடிச்சிருவாரு." இதை அவர் மிகுந்த பொறுப்புணர்வோடு சொன்னார். "நீ தனியா ஒரு எட்டு போயிட்டு வந்துறேன்?"

"தனியா போயி எங்கயாவது விழுந்துட்டா?"

ஸ்ரீதரன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வாரந்தானே. லீவு முடிஞ்ச மறுநாளே போவோம். அதுவரைக்கும் நீயும் மலைக்குப் போகாம இரு."

"நாளைக்கு நான் நின்னா பேரு இல்ல, சம்பளமும் இல்ல. ரெண்டு வாரம் நின்னா கூப்பிடவே மாட்டாங்க. எனக்கு யாரு வீட்டுல இருந்து கொழுந்து எடுக்க விடுவாங்க?" கோகிலா வாச்சைக் கழற்றினாள். மணிக்கட்டில் அது இருந்த இடம் வெளுத்திருந்தது. மேசைமேல் வைத்தாள். "இந்தாங்க, ஒங்க ஒடம்பு."

அந்த இரண்டு வாரமும் ஓய்வு என்ற கலைக்கே ஸ்ரீதரன் இலக்கணம் வகுத்தார். முதல் நாள் 388 அடி, துடிப்பு எழுபத்திரண்டு, தூக்கம் ஒன்பது மணித்தியாலம். ஆறாம் நாள் மத்தியானம், ஒபிஸ் ஜன்னலால் பார்த்தபோது, எதிர்மலை வளைவில் ஒரு பெண் கூடையோடு நின்றுவிட்டது தெரிந்தது. ஒரு கை தேயிலைச் செடியைப் பிடித்திருந்தது. மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். ஸ்ரீதரன் எழுந்துவிட்டார், வாசல்வரை போயும்விட்டார். காலையில் சிக்னல் தேடி அலைந்த கணக்கும் சேர்ந்து, கையில் வாச் அதிர்ந்தது: 'எல்லையை நெருங்குகிறீர்கள். தயவுசெய்து ஓய்வெடுங்கள்.' திரும்ப ஜன்னலுக்கு வந்தபோது அந்தப் பெண் நடக்கத் தொடங்கியிருந்தாள். அவருக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதார். அழுவதற்கு அடி செலவாவதில்லை.

பதினான்காம் நாள் டொக்டர் பரவசத்தோடு அழைத்தார். என் அனுபவத்தில் இப்படியொரு குணத்தைக் கண்டதில்லை என்றார். தாளம் தப்பிய துடிப்பு ஒரே இரவில் சீராகிவிட்டதாம். எப்படி என்று கேட்டார். "மனக்கட்டுப்பாடு" என்றார் ஸ்ரீதரன். ஆபத்து முற்றாக நீங்கிவிட்டதாகவும், இனி எந்தச் சோதனையும் தேவையில்லை என்றும் சான்றிதழ் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கம்பனி அனுப்பிவைத்தது. கூரியர்காரர் அதைப் பஸ் ரோட்டுக் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போக, மலையால் வந்த கோகிலா இறங்கிப் போய் எடுத்து வந்தாள்.

இவ்வாறாக, மனைவியின் நெஞ்சுக்கு வந்த கோளாறைத் தான் ஓய்வெடுத்தே குணப்படுத்திய கணவர் என்ற பெருமையும் ஸ்ரீதரனையே வந்து சேர்ந்தது. சான்றிதழ் இப்போது ஒபிஸ் சுவரில் தொங்குகிறது. ஆணி அடித்தவள் கோகிலா. ஸ்டூலில் ஏறுமுன் ஒரு தரமும், ஏறியபின் ஒரு தரமும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டம் கொஞ்சம் கோணலாக இருப்பதாக, ஸ்ரீதரன் கதிரையில் இருந்தபடியே சொன்னார்.